கார்பனைப் பூமிக்குள் அனுப்பும் துறையில் பிஎச்டி செய்யலாமா?

எர்ணாவூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு மணலியில் ஒரு ஹைட்ரஜன் யூனிட்டில் ஷிப்ட் பார்க்கிறார். கேட் (GATE) நுழைவுத் தேர்வு ஸ்கோர் கையில் இருக்கிறது. புதைபடிவ எரிபொருளும் நிலத்தடிக் கார்பன் சேமிப்பும் சேர்ந்த துறையில் பிஎச்டி செய்ய ஆசை. இது நிஜமான அறிவியலா, இல்லை எண்ணெய்க் கம்பெனிகள் பூசிக்கொள்ளும் பவுடரா? இங்கேயே படிப்பதா, வெளிநாடு போவதா? முடித்தால் வேலை உண்டா? இதற்கு நடுவில் வீட்டில் அம்மா, "இத்தனை வருஷம் அந்தப் புகையைக் குடிச்சது போதாதா, நீ போய் அதுக்கே வேலை பார்க்கணுமா?" என்கிறாராம்.

இவற்றில் அம்மாவின் கேள்விதான் கனமானது. ஆனால் பாறையைப் பற்றிப் பேசாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது, அதனால் பாறையில் தொடங்குகிறேன். நானும் தண்டையார்பேட்டைக்காரன்தான். ரிசர்வாயர் இன்ஜினியரிங்கில் (நிலத்தடிப் பாறைக்குள் எண்ணெயும் வாயுவும் நீரும் எப்படி ஓடும் என்று பார்க்கும் துறை) பிஎச்டி, அப்புறம் பல வருடம் எண்ணெய் வயல் சிமுலேஷன், அதாவது கணினி மாதிரி, இப்போது கார்பன் சேமிப்புக் கணக்குகள். எண்ணெய்ப் பணத்தில் படித்தவன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் பேச்சில் எவ்வளவு கழிக்க வேண்டுமோ கழித்துக்கொள்ளுங்கள்.

கார்பன் டை ஆக்சைடு 31 டிகிரி வெப்பத்தையும் 74 பார் அழுத்தத்தையும் தாண்டினால் வாயுவும் இல்லாத, திரவமும் இல்லாத ஒரு நிலைக்குப் போகும். பூமிக்குள் சுமார் 800 மீட்டர் இறங்கினால் இந்த இரண்டும் தானாகவே கிடைத்துவிடும். மேலே ஒரு டன் வாயு ஐந்நூறு கன மீட்டருக்கு மேல் இடம் பிடிக்கும்; கீழே அதே ஒரு டன் ஒன்றரை கன மீட்டரில் அடங்கும். மொத்தத் துறையும் இந்த ஒரு உண்மையின் மேல்தான் நிற்கிறது. கீழே நுண்துளைகள் உள்ள மணற்பாறை இருக்க வேண்டும், அதன் துளைகளில் குடிக்க உதவாத உப்புநீர் இருக்க வேண்டும், மேலே அதை மூட ஒரு களிப்பாறை வேண்டும். உள்ளே போன கார்பனில் ஒரு பகுதி மூடுபாறைக்கு அடியில் தேங்கும், ஒரு பகுதி துளைகளில் குமிழ்களாகச் சிக்கிக்கொள்ளும், ஒரு பகுதி உப்புநீரில் கரையும், கொஞ்சம் பல நூறு ஆண்டுகளில் கனிமமாகவே மாறும். பாடப்புத்தகத்தில் இந்த நான்கையும் அழகான படமாகப் போட்டிருப்பார்கள். பரீட்சைக்கு அது போதும். பிஎச்டிக்குப் போகிறவர் கேட்க வேண்டியது வேறு: துளைகளில் ஏற்கெனவே நீர் நிரம்பியிருக்கிறதே, அது எங்கே போகும்?

அத்திப்பட்டில் இருக்கும் வடசென்னை அனல் மின்நிலையத்தின் இரண்டாம் நிலையில் 600 மெகாவாட் அலகுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு. 80 சதவீத லோடில் ஓடினால் ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் டன். கீழே அதன் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 650 கிலோ என்று வைத்தால் 60 லட்சம் கன மீட்டர். மணற்பாறையில் நுண்துளை 20 சதவீதம் என்று கொள்ளுங்கள். அந்தத் துளைகள் முழுவதையும் நிரப்ப முடியாது; உப்புநீர் அடுக்குகளில் 2 சதவீதம் பயன்பட்டாலே நல்ல கணக்கு என்போம். அப்படியானால் வேண்டிய பாறை ஒன்றரை கன கிலோமீட்டர். அடுக்கு 100 மீட்டர் தடிமன் என்றால், ஒரு வருடத்துக்கு 15 சதுர கிலோமீட்டர் பரப்பு. 30 வருடத்துக்கு 450. பெருநகர சென்னை மாநகராட்சியின் பரப்பே 426 சதுர கிலோமீட்டர்தான். ஒரே ஒரு அலகின் ஆயுட்காலக் கார்பனுக்கு, திருவொற்றியூரிலிருந்து சோழிங்கநல்லூர் வரைக்கும் ஊர் முழுக்கப் பரந்த ஒரு பாறை அடுக்கு வேண்டும். இதைக் கவர் பின்னால் போடும் கணக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு மடங்கு இப்படியோ அப்படியோ போகலாம். ஆனால் எந்த அளவில் பேசுகிறோம் என்பது புரிய வேண்டும்.

அந்த 2 சதவீதத்தை யார் தீர்மானிக்கிறார்கள்? அழுத்தம்தான். நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க மீஞ்சூர் போதும். 1960-களிலிருந்து ஆலைகளுக்கும் நகரத்துக்கும் அங்கே நிலத்தடி நீரை இறைத்துத் தள்ளினோம். நிலத்தடியில் அழுத்தம் இறங்கியது, கடல் பல கிலோமீட்டர் உள்ளே வந்தது, கிணறுகள் உப்பாயின. இறைத்த இடம் ஒன்று, கெட்ட இடம் இன்னொன்று. கார்பன் சேமிப்பில் இதே கதை தலைகீழாக நடக்கும். நீங்கள் ஓரிடத்தில் உள்ளே தள்ளுகிறீர்கள்; கார்பன் இரண்டு கிலோமீட்டர் நகர்வதற்குள் அதன் அழுத்தம் இருபது, முப்பது கிலோமீட்டர் போய்விடும். அங்கே யாரோ மறந்துபோன ஒரு பழைய கிணறோ, தளர்ந்த பிளவோ இருந்தால் முதலில் அதுதான் பேசும்.

உலக அனுபவமும் இதையே சொல்கிறது. நார்வே 1991-ல் கார்பன் வரி போட்டது. ஸ்லைப்னர் வயலின் இயற்கை எரிவாயுவில் சுமார் 9 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்திருந்தது. விற்பதற்கு எப்படியும் அதைப் பிரித்தாக வேண்டும். பிரித்ததை வானில் விட்டால் வரி. அதனால் 1996 முதல் பல வருடம், ஆண்டுக்கு 10 லட்சம் டன்னுக்குச் சற்றுக் குறைவாக, கடலுக்கு அடியில் உட்சீரா என்ற மணல் அடுக்குக்குள் அனுப்பினார்கள். பெரிய, தளர்ந்த, நுண்துளை நிறைந்த மணல்; அழுத்தம் ஏறவே இல்லை எனலாம். எல்லோரும் காட்டும் உதாரணம் அதுதான். அதே நாட்டில் ஸ்னோவிட் என்ற இடத்தில் 2008-ல் தொடங்கினார்கள். எதிர்பார்த்ததைவிட வேகமாக அழுத்தம் ஏறி, 2011-ல் அந்த அடுக்கைக் கைவிட்டு வேறு அடுக்குக்கு மாற வேண்டியதாயிற்று. அல்ஜீரியாவின் இன் சலாவில் 2004-ல் தொடங்கி 2011-ல் நிறுத்தினார்கள். அங்கே கிணறுகளுக்கு மேலே பாலைவனத் தரையே ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் எழும்பியதைச் செயற்கைக்கோள் ராடார் காட்டியது. ஒரே தொழில்நுட்பம், மூன்று விதமான முடிவு. வித்தியாசம் பாறையில் இருந்தது. ஆகவே முதல் கேள்விக்கு என் பதில்: அறிவியல் நிஜமானது, கடினமானது, இன்னும் முடியாதது. பவுடர் பூசுவது வேறு இடத்தில் நடக்கிறது.

எந்த இடம் என்றால், கணக்குப் புத்தகத்தில். கார்பனைப் பூமிக்குள் தள்ளும் வேலையே டெக்சாஸில் 1972-ல், வயதான கிணறுகளிலிருந்து மிச்ச எண்ணெயை வெளியே தள்ளத்தான் பெரிய அளவில் தொடங்கியது. இன்றுவரை உலகில் பிடித்த கார்பனில் பெரும்பகுதி அந்த வேலைக்கே போயிருக்கிறது. அமெரிக்காவின் பெட்ரா நோவா 2017-ல் ஒரு நிலக்கரி ஆலையின் புகையைப் பிடித்து எண்ணெய் வயலுக்கு அனுப்பியது. 2020-ல் எண்ணெய் விலை விழுந்ததும் மூடினார்கள், 2023-ல் மீண்டும் திறந்தார்கள். பருவநிலை அக்கறையில் நடக்கிற வேலை எண்ணெய் விலை பார்த்துத் திறந்து மூடாது, இல்லையா? கனடாவின் பவுண்டரி டேம் 2014-ல் ஆண்டுக்கு 10 லட்சம் டன் என்று சொல்லித் தொடங்கியது; அந்த இலக்கைத் தொட முடியாமல் வருடக்கணக்கில் திணறியது. ஆய்வுக்கட்டுரை படிக்கும்போது பிடிப்பு எவ்வளவு, சேமிப்பு எவ்வளவு, அதனால் வெளியே வந்த எண்ணெய் எவ்வளவு என்று மூன்று எண்ணையும் தேடுங்கள். மூன்றாவது எண் பெரும்பாலும் இருக்காது.

இப்போது அம்மாவின் கேள்வி. எண்ணூரில் நாம் மூச்சில் வாங்கியது கார்பன் டை ஆக்சைடு இல்லை. சாம்பல், கந்தகப் புகை, நிலக்கரித் தூசி. கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் குழாய் உடைந்து கொட்டிய சாம்பல் கூழ் மேல் காட்டுக்குப்பத்து ஆட்கள் வலை இழுத்திருக்கிறார்கள். 450 மெகாவாட் எண்ணூர் அனல் மின்நிலையத்தை 2017-ல் மூடினார்கள். சாம்பல் அப்போதே போய்விட்டதா என்ன? இதில் கார்பன் பிடிப்பு என்ன செய்யும் தெரியுமா? புகையிலிருந்து கார்பனைப் பிரிக்க, அதை உறிஞ்சும் அமீன் என்ற வேதிக் கரைசலைச் சூடாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு ஆலை உற்பத்தி செய்யும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கு வரை போய்விடும். ஊருக்கு அதே அளவு மின்சாரம் வேண்டுமென்றால் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக நிலக்கரி எரிக்க வேண்டும். அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சாம்பல், அதே கழிமுகத்துக்குப் பக்கத்தில். நம் நிலக்கரியில் சாம்பலே 30, 40 சதவீதம். அதனால் எண்ணூர் சுற்றுவட்டார நிலக்கரி ஆலைகளில் இதைப் பொருத்துவதற்கு நான் எதிரி. அம்மாவிடம் அதைத் தைரியமாகச் சொல்லலாம்: அந்தப் புகைபோக்கிக்கு ஆயுள் கூட்டுகிற ஆராய்ச்சி எது, கூட்டாத ஆராய்ச்சி எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஆள் நம் பக்கத்தில் ஒருவராவது இருக்க வேண்டாமா? நாளைக்கு யாராவது பளபளப்பான அறிக்கையோடு கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு வருவார்கள். பின் இணைப்பில் இருக்கும் அழுத்தக் கணக்கைப் படித்துவிட்டு எழுந்து கேள்வி கேட்க ஒருவர் இருந்தால் கூட்டத்தின் போக்கே மாறும்.

சரி, எங்கே பொருந்தும்? உங்கள் யூனிட்டிலேயே பாருங்கள். மீத்தேனை நீராவியோடு உடைத்து ஹைட்ரஜன் எடுக்கிறீர்கள். உடன் வரும் கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தோடு, அடர்த்தியாக வருகிறது. மின்நிலையப் புகையில் அது வெறும் 12, 14 சதவீதம், மிச்சத்தில் பெரும்பகுதி நைட்ரஜன். அமோனியா ஆலையில் இன்னும் சுலபம், ஏறக்குறையச் சுத்தமான கார்பன் ஓடையே தனியாக வரும், அதைத்தான் யூரியாவுக்குப் பயன்படுத்துகிறார்கள். சிமென்ட் இன்னொரு ரகம். அங்கே வெளிவரும் கார்பனில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக்கல்லிலிருந்தே வருகிறது. அடுப்பை முழுக்கச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் அது நிற்காது. வேறு வழி இல்லாத இடத்துக்குத்தான் இந்த வைத்தியம்.

சென்னைக்கு அடியில் பெரும்பாலும் சார்னோகைட் மாதிரி கெட்டிப் படிகப் பாறை. பரங்கிமலையில் வெளியே தெரிகிறதே, அதுதான். நுண்துளை கிடையாது. ஆக மணலிக் கார்பனுக்கு மணலியில் இடம் இல்லை. தெற்கே காவிரிப் படுகை, வடக்கே கிருஷ்ணா-கோதாவரிப் படுகை. காவிரிப் படுகையில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அரியலூரில் சிமென்ட் ஆலைகள் தோண்டும் சுண்ணாம்புக்கல் அந்தப் படுகையின் மேற்கு விளிம்பு. அந்தக் கால அடுக்குகளே கிழக்கே சரிந்து, கடலோரத்தில் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்குப் போகின்றன. பெரம்பலூர் பக்கம் காரை கிராமத்துக்கு ஒரு நாள் போய்வாருங்கள். மழை அரித்த செம்மண்-சாம்பல் நிறக் களிமேடுகள், காலடியில் கிரெட்டேசியக் காலத்துச் சிப்பி. மூடுபாறை என்று சிமுலேஷனில் ஒரே நிறத்தில் பூசிவிட்டுப் போகிறோமே, அந்த மாதிரிக் களி நிஜத்தில் எத்தனை பிளவும் ஜிப்சக் கோடுகளுமாக இருக்கிறது என்று கையால் தொட்டுப் பார்க்கலாம். (மேற்பரப்பில் வெயில் மழை பட்டதும் ஆழத்தில் இருப்பதும் ஒன்றில்லை என்று ஜியாலஜிக்காரர்கள் உடனே சண்டைக்கு வருவார்கள். வரட்டும், நியாயம்தான்.) அரியலூர் ஆலைகளும் படுகையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, இதுபோன்ற ஜோடி எல்லா மாநிலத்துக்கும் அமையாது.

ஆனால் அந்தப் படுகையின் மேல்தான் டெல்டா இருக்கிறது. 2017-ல் நெடுவாசல், கதிராமங்கலம் போராட்டங்கள். 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டமே வந்தது. அங்கே ஒரு ரிக் நின்றால் அது எதை எடுக்கிறது, எதை உள்ளே விடுகிறது என்று யாரும் நின்று விசாரிக்கப் போவதில்லை, அவர்கள் பட்டது அப்படி. நார்வே மாதிரி கரைக்கு அப்பால் கடலுக்கு அடியில் என்றால் செலவு பல மடங்கு. இந்தியாவில் பூமிக்கு அடியில் இருக்கும் நுண்துளை யாருக்குச் சொந்தம், ஐம்பது வருடம் கழித்துக் கசிந்தால் யார் பொறுப்பு என்பதற்கும் முழுமையான சட்டம் வேண்டியிருக்கிறது. ஐரோப்பா 2009-லேயே ஒரு வழிகாட்டுதல் கொண்டுவந்து, கிணற்றை மூடிப் பொதுவாகக் குறைந்தது இருபது வருடம் கம்பெனி பொறுப்பு, அப்புறம்தான் அரசு ஏற்கும் என்று எழுதிவிட்டது. சட்டம் படித்தவர்களுக்கும் இங்கே பிஎச்டி காத்திருக்கிறது.

கசிவு பற்றி ஊரில் கேட்பார்கள், பதில் வைத்திருங்கள். 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சட்டார்ஷியா என்ற சிற்றூர் அருகே கார்பன் டை ஆக்சைடு குழாய் உடைந்தது. காற்றைவிடக் கனமான வாயு பள்ளத்தில் இறங்கியது. ஆக்சிஜன் இல்லாமல் வண்டி இன்ஜின்கள் நின்றன. நாற்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். பாறையைவிடக் குழாயும் கிணறும்தான் எனக்குப் பயம். மணலி, மீஞ்சூர் மாதிரி தாழ்வான, நெருக்கமான ஊர்கள் வழியாக அப்படி ஒரு குழாய் போட வேண்டுமென்றால் அதன் பாதையே ஒரு ஆராய்ச்சிக் கேள்வி.

இனி படிப்பு. தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள்: தரவு யாரிடம் இருக்கிறது, அது உங்கள் கைக்கு வருமா? நம் நாட்டில் ஆழ்கிணறுகளின் லாக் (கிணற்றுக்குள் கருவி இறக்கி எடுத்த அளவுகள்), சீஸ்மிக் (அதிர்வலையால் எடுத்த நிலத்தடிப் படம்), கோர் (துளைத்து எடுத்த பாறை உருளை) எல்லாம் எண்ணெய் நிறுவனங்களிடமும் அரசிடமும் இருக்கின்றன. கைடுக்கு அங்கே ஒப்பந்தம் இருந்தால் சரி; "கேட்டு வாங்கிக்கலாம்" என்றால் ஓடி வந்துவிடுங்கள். இரண்டு வருடம் கடிதம் எழுதியே போகும், கடைசியில் யாரோ ஒரு நார்வே வயலின் எண்களைப் போட்டுக் காவிரிப் படுகை என்று தலைப்பு வைக்க வேண்டி வரும். அப்படிப்பட்ட தீசிஸ்கள் உண்டு, வைவாவில் பார்த்திருக்கிறேன்.

சிமுலேஷன், ஆய்வகம் என்று இரண்டு வழி. ஆலையில் வேலை பார்த்த கை உங்களுடையது, ஆய்வகத்தை ஒதுக்காதீர்கள். கோர் ஃப்ளட் என்பது இப்படி: ஒன்றரை அங்குல விட்டத்தில், விரல் நீளத்தில் ஒரு பாறை உருளை. அதை ரப்பர் உறையில் நுழைத்து, கோர் ஹோல்டர் என்ற எஃகுக் குழாய்க்குள் வைத்து, சுற்றிலும் எண்ணெய் அழுத்தம் கொடுத்து, அறுபது எழுபது டிகிரி அடுப்பில் உட்கார வைக்க வேண்டும். உப்புநீரால் நிரப்பிவிட்டு, சிரிஞ்ச் பம்பில் நிமிடத்துக்குச் சொட்டுக் கணக்கில் கார்பனைச் செலுத்தி, எவ்வளவு நீர் வெளியே வருகிறது, எவ்வளவு வாயு உள்ளே சிக்குகிறது என்று அளக்க வேண்டும். கேட்கச் சுலபம். ஆனால் இந்த அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ரப்பருக்குள்ளேயே கரையும். ஒரு ரன் முடிந்த சந்தோஷத்தில் வால்வைச் சட்டென்று திறந்தால், ஓ-ரிங்குக்குள் கரைந்த வாயு ஒரே நேரத்தில் விரிந்து, கொப்புளம் கொப்புளமாக வெடித்து, ரிங் கிழிந்து வரும். உறையும் போகும். அடுத்த உறை வர மூன்று மாதம், பர்ச்சேஸ் செக்‌ஷன் தயவில். அதனால் அனுபவசாலிகள் அழுத்தத்தை மணிக்கணக்கில் மெதுவாக இறக்குவார்கள். ஷட்டவுனில் வெசலை டீபிரஷரைஸ் பண்ணின அனுபவம் உள்ளவருக்கு இது சொல்லாமலே புரியும், நேராகக் கல்லூரியிலிருந்து வருகிறவருக்குப் புரிய ஒரு வருடம் ஆகும்.

எனக்கு இப்போது இருபத்தைந்து வயது என்றால் பழைய கிணறுகளை எடுப்பேன். சிமென்ட் போட்டு மூடிய கிணற்றில் கார்பன் கலந்த அமில நீர் பட்டால் அந்த சிமென்ட்டும் கேசிங் என்ற எஃகு உறைக்குழாயும் என்ன ஆகும் என்பது. அமெரிக்காவின் டெகேடர் கார்பன் சேமிப்புத் தளத்தில் ஒரு கண்காணிப்புக் கிணற்றிலேயே அரிப்பு வந்து உள்ளே கசிந்தது 2024-ல் பெரிய செய்தியானது. காவல் காக்கப் போட்ட கிணறே கசிந்தால்! இந்தத் தலைப்புக்குக் கெமிக்கல் இன்ஜினியர் பொருத்தமானவர். கார்பன் சேமிப்பு பெரிதாக வளராமல் போனாலும் அந்த அறிவு வீணாகாது. ஹைட்ரஜன் சேமிப்பு, புவிவெப்பம், எண்ணெய்க் கிணறுகளை மூடுவது என்று எல்லாவற்றுக்கும் கிணறு வேண்டும். எரிமலைக் குழம்பு இறுகி உண்டான பசால்ட் பாறை இன்னொரு நல்ல தலைப்பு. ஐஸ்லாந்தில் 2012-ல் கார்பனை நீரில் கரைத்துப் பசால்ட்டுக்குள் விட்டார்கள். இரண்டு வருடத்துக்குள் பெரும்பகுதி கல்லாகிவிட்டது. நமக்குத் தக்காணத்தில் பரந்த அளவில் பசால்ட் இருக்கிறது. ஆனால் அதற்கு நீர் ஏராளமாகச் செலவாகும், மராத்வாடாவில் போய் அதை யார் கேட்பது?

எங்கே படிப்பது என்பதற்கு அதிகம் அலைய வேண்டாம். இங்கே என்றால் ஐஐடி மெட்ராஸில் கெமிக்கல் துறையும், ஓஷன் இன்ஜினியரிங்குக்குள் இருக்கும் பெட்ரோலியம் பிரிவும். பி.டெக்கோடு இருப்பவருக்கு அங்கே ஆராய்ச்சி எம்எஸ் நல்ல நுழைவாயில். வேலை நன்றாகப் போனால் பிஎச்டியாக மாற்றிக்கொள்ள வழி உண்டு, போகாவிட்டால் எம்எஸ் பட்டத்தோடு கௌரவமாக வெளியே வரலாம். ஐஐடி பாம்பேயில் கார்பன் பிடிப்புக்குத் தேசிய மையம் இருக்கிறது, தன்பாத்தில் பெட்ரோலியத்துக்கு நீண்ட பாரம்பரியம். ஹைதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையம் (என்ஜிஆர்ஐ) பாறைப் பக்கம் போகிறவர்களுக்கு. உதவித்தொகை 2023 முதல் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அப்புறம் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. பிரதமர் ஃபெல்லோஷிப் கிடைத்தால் இதைவிட அதிகம். மணலிச் சம்பளத்தையும் ஷிப்ட் அலவன்ஸையும் பார்த்துவிட்டு இதற்கு வருவது வலிக்கும். வீட்டுக் கடன் இருந்தால் இப்போதே கணக்குப் போடுங்கள். நான்கு வருடம் என்பார்கள், ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டது என்று வீட்டிலிருந்தே கிண்டிக்குப் போய்வர நினைக்காதீர்கள், கோர் ஹோல்டர் ராத்திரி இரண்டு மணிக்குத்தான் லீக் ஆகும்.

வெளிநாட்டில் நார்வே, நெதர்லாந்து இரண்டிலும் பிஎச்டி என்பது சம்பள வேலை. விளம்பரம் போட்டு, நேர்காணல் வைத்து, ஊழியராகவே எடுப்பார்கள். கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் பெரும்பாலும் மாஸ்டர்ஸ் கேட்பார்கள், அதற்கும் அந்த எம்எஸ் உதவும். பெர்கன், டிரான்ஹெய்ம், டெல்ஃப்ட் மூன்றையும் கவனியுங்கள். பிரிட்டனில் ஹெரியட்-வாட், எடின்பரோ, இம்பீரியல், நாட்டிங்ஹாம் எல்லாம் பழைய கைகள். 2014-ல் அங்கே எண்ணெய்-எரிவாயுவுக்கு ஒரு முனைவர் பயிற்சி மையமும், கார்பன் சேமிப்பும் தூய்மையான புதைபடிவ எரிபொருளும் சேர்த்து இன்னொன்றும் தொடங்கினார்கள். பிறகு வந்த மையங்களின் பெயர்ப்பலகையில் நெட் ஜீரோ ஏறிவிட்டது, உள்ளே பாதி ஆட்கள் அதே ஆட்கள். அரசுப் பணத்தில் நடக்கும் இடங்களில் வெளிநாட்டு மாணவர் 30 சதவீதத்துக்கு மேல் கூடாது என்ற வரம்பு இருப்பதால் போட்டி கடுமை. அமெரிக்காவில் ஆஸ்டினும் ஸ்டான்ஃபோர்டும். மாஸ்டர்ஸ் இல்லாமலே எடுப்பார்கள், ஐந்து வருடம் ஆகும், நிதி அரசியல் காற்றுக்கு ஆடும்.

வேலை? இந்தியாவில் இன்றைக்குக் கார்பன் சேமிப்பு இன்ஜினியர் என்று பலகை மாட்டிய வேலை மிகக் குறைவு. பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களில் நுழைய பிஎச்டி வேண்டாம்; அவர்களின் ஆராய்ச்சி நிலையங்களில்தான் அதற்கு மதிப்பு. புனே, பெங்களூரில் இருக்கும் பன்னாட்டு நிறுவனங்களின் மென்பொருள், ஆராய்ச்சிப் பிரிவுகள் எடுக்கின்றன. வெளிநாட்டில் வாய்ப்பு அதிகம், ஆனால் கொள்கை மாறினால் திட்டங்கள் ஒரே நாளில் நிற்கும். அதனால்தான் தலைப்பில் கார்பன் என்ற பெயரைப் பார்க்காமல், நுண்துளைப் பாறையில் பல திரவம் ஓடும் கணக்கோ, கிணற்று வேதியியலோ, ஏதாவது ஒன்றில் உங்களை எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற அளவுக்கு ஆழம் வேண்டும் என்கிறேன். பேராசிரியர் வேலைதான் லட்சியம் என்றால் அது தனிக் கதை, வரிசை நீளம்.

வேலையை விடுவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். ஸ்லைப்னர் வயலின் மாதிரித் தரவை நார்வேக்காரர்கள் பொதுவில் வைத்திருக்கிறார்கள். ஓபிஎம் ஃப்ளோ என்ற இலவசச் சிமுலேட்டரோ, மேட்லாப் மென்பொருள் தெரிந்தால் அதில் ஓடும் எம்ஆர்எஸ்டியோ இறக்கிக்கொள்ளுங்கள். வார லீவு நாட்களில் அந்த மேல் அடுக்கில் கார்பன் எப்படிப் பரவியது என்பதை ஓட்டிப் பாருங்கள். சீஸ்மிக்கில் அது வடக்கே ஒரு நாக்கு போல நீண்டு போயிருக்கும். உங்கள் மாடலில் அவ்வளவு சீக்கிரம் போகாது. ஏன் போகவில்லை என்று வெப்பத்தை மாற்றி, அடர்த்தியை மாற்றி, மேல்தளத்தின் மேடுபள்ளத்தை மாற்றித் தேடத் தோன்றினால் நீங்கள் பிஎச்டிக்கான ஆள். சலிப்புத் தட்டினால் ஐந்து வருடம் மிச்சம், மணலியிலேயே நல்ல வேலை இருக்கிறது.

தோன்றினால், அந்த முடிவையே இரண்டு பக்கமாக எழுதி, ஒரே ஒரு படத்தோடு கைடுகளுக்கு அனுப்புங்கள். "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் ஆராய்ச்சியால் மிகவும் ஈர்க்கப்பட்டேன்" என்று தொடங்கும் மெயில்கள் அவர்களுக்கு வாரத்துக்கு நூறு வரும், யாரும் திறப்பதில்லை. மாடல் எங்கே ஒத்துப்போகவில்லை என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். கேட் ஸ்கோர் மூன்று வருடம்தான் செல்லும், உங்களுடையது எப்போது முடிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கம்பெனியில் பாண்ட் ஏதாவது போட்டிருந்தால் ரிலீவிங் லெட்டருக்கு எத்தனை மாத நோட்டீஸ் என்பதையும் இப்போதே எச்ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள்.